கட்டிளமைப் பருவத்தினரும் விந்தைப் புனைகதைகளும்: கல்முனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

1

தமிழ் பயிலும் பல்கலைக்கழக மாணவரிடம் ஊரவர் கேட்கும் வினாக்களுள் ஒன்று, மிக எளியது போலத் தோன்றி, விடை கூறப் புகும்போது பெரிதும் இடர்ப்படுத்துவதாகும். "எங்கட பிள்ளைக்குப் பதினான்கு வயது. வாசிக்க என்ன புத்தகம் கொடுக்கலாம்?" என்பதே அவ்வினா. மருதமுனையிலோ, சாய்ந்தமருதிலோ, நிந்தவூரிலோ விடுமுறைக்கு வீடு திரும்பிய மாணவர் ஒருவர் இவ்வினாவை எதிர்கொள்ளாதிருத்தல் அரிது. அவர் பெரும்பாலும் 'பொன்னியின் செல்வன்' என்று கூறுவார். அல்லது நீதிநூல் ஒன்றின் பெயரைச் சொல்லித் தப்பிக்கொள்வார். அதற்கு அப்பால் அவருக்கும் வழி தெரிவதில்லை.

காரணம் வெளிப்படையானது. தமிழில் சிறுவர் இலக்கியம் என்று ஒரு வரிசை உண்டு. அது ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுடன் முடிவடைந்துவிடுகின்றது. வளர்ந்தோருக்கான நாவல், சிறுகதை என்று மற்றொரு வரிசை உண்டு; அது குடும்ப வாழ்வையும் உத்தியோகத்தையும் தோல்விகளையும் ஓரளவு அறிந்தவருக்கே சுவை தருவது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஐந்தாறு ஆண்டுகளுக்குரிய நூல்தட்டு நம் வாசிகசாலைகளில் வெறுமையாகவே கிடக்கின்றது. அந்த ஆண்டுகளில்தான் பிள்ளை க.பொ.த. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் ஆயத்தமாகின்றது. பாடநூல் தவிர்ந்த வாசிப்பு வீண்பொழுது எனக் கருதப்படும் காலமும் அதுவே. ஆங்கிலம் வாய்த்த சிலர் ஆங்கில நாவல்களுக்குச் செல்கின்றனர். ஏனையோர் கைத்தொலைபேசிக்குச் செல்கின்றனர். தமிழ் வாசகர் ஒருவர் உருவாக வேண்டிய வயதில், தமிழ் அவரைக் கைவிட்டுவிடுகின்றது.

ஆங்கில உலகில் இவ்விடைவெளியை நிரப்புவனவற்றுள் தலையாயவை இருவகைப் புனைகதைகள். இயற்கையின் விதிகள் செல்லுபடியாகாத, ஆனால் தனக்கென வேறு விதிகளையுடைய ஓர் உலகைப் படைப்பது ஒருவகை. இதனை விந்தைப் புனைகதை எனலாம். நாமறிந்த விஞ்ஞான விதிகளை இன்னும் நிகழாத ஒரு நிலைவரை நீட்டிப் பார்ப்பது மற்றொரு வகை. இதனை விஞ்ஞானப் புனைகதை என்கின்றோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. "இவ்வாறு இல்லாமல் வேறுவிதமாக இருந்தால்?" என்ற வினாவே அவ்வேர். கட்டிளமைப் பருவத்தின் அடிப்படை வினாவும் அதுவேயாகும். ஆகவே இவ்வயதினருக்கு இவ்வகை நூல்களைப் பரிந்துரைப்பது வெறும் பொழுதுபோக்கை நாடியன்று. தமிழில், அதிலும் நமது கரையோர முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகளுக்கு, எவற்றைப் பரிந்துரைக்கலாம், எக்காரணத்தால் பரிந்துரைக்கலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

விந்தைப் புனைவு நமக்கு அந்நியமானது, மேனாட்டிலிருந்து வந்தது என்ற எண்ணம் முதலில் களையப்படவேண்டும். தமிழ் முஸ்லிம்கள் அறபு, பாரசீக மரபுகளின் தொடர்பால் தமிழுக்கு வழங்கிய இலக்கிய வடிவங்களுள் கிஸ்ஸாவும் மசலாவும் குறிப்பிடத்தக்கவை. கிஸ்ஸா என்பது கதை. மசலா என்பது வினாவும் விடையுமாக அமைவது. வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா' 1572ஆம் ஆண்டுக்குரியது. இன்று நமக்குக் கிடைக்கும் முஸ்லிம் தமிழ் இலக்கியங்களுள் காலத்தால் முற்பட்டவற்றுள் ஒன்று. வானம், பூமி, மறுமை ஆகியவை பற்றிய வினாக்களே அதன் உடல். 'நூறு மசலா'வில் அரசகுமாரி ஒருத்தி நூறு விடுகதைகளைத் தொடுக்கின்றாள். அவற்றை அவிழ்ப்பவனுக்கே அவள் மணமகளாவாள். அறிவுப் போட்டியே வீரச்செயலாக அமையும் இக்கதையமைப்பு, இன்றைய இளைஞருக்கான நாவல் எதற்கும் ஏற்றதே.

'ஆயிரத்தொரு இரவுகள்' நமது மூத்தம்மாமாரின் வாய்வழியாகவும் நம்மை வந்தடைந்தது. சிந்துபாத் தனது ஆறாம் பயணத்தில் கரையொதுங்குவது சரந்தீபில், அதாவது இத்தீவில் என்பது மனங்கொள்ளத்தக்கது. அறபுக் கதைசொல்லிக்கு நமது நாடே விந்தையுலகமாக விளங்கிற்று. ஈழத்தின் முதலாவது தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. அது விந்தைப் புனைகதையன்று. எனினும், பெற்றோரைப் பிரிந்த சிறுவன் ஒருவன் நாடு கடந்து, இடர் கடந்து, தன் பிறப்பை அறிந்துகொள்ளும் வீரசாகசக் கதை அது. இவ்வயதினருக்குரிய கதையின் எலும்புக்கூடு அதில் முழுமையாக உண்டு. நமது நாவல் வரலாறு இத்தகைய ஒரு கதையுடன் தொடங்கியிருந்தும், அந்த வழி பின்னர் தூர்ந்துபோயிற்று.

மட்டக்களப்பிலே மாஸ்டர் சிவலிங்கம் பல தசாப்தங்கள் கதைசொல்லியாக வாழ்ந்து 2022இல் மறைந்தார். சென்னையிலிருந்து 1947 முதல் வெளிவந்த 'அம்புலிமாமா'வும், சிவகாசியிலிருந்து 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸும், வாண்டுமாமாவின் கதைகளும் கடல்கடந்து இங்கு வந்து கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டன. எனவே கற்பனைக்கான பசி நமது பிள்ளைகளிடம் என்றும் இருந்தே வந்துள்ளது. அப்பசி வளர்ந்தபோது அதற்கேற்ற உணவு வளரவில்லை என்பதே குறை.

3

உணவு வளராமைக்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று விமரிசனம் சார்ந்தது. மற்றது சமயம் சார்ந்தது.

ஈழத்துத் தமிழ் விமரிசனத்தின் வலுவான மரபு, கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோர் வளர்த்த சமூகவியல் நோக்கு மரபாகும். யதார்த்தமே அதன் உரைகல். மக்களின் வாழ்க்கைப் போராட்டத்தைச் சித்திரிக்காத எழுத்து, வாசகனை மயக்கும் எழுத்து என்ற முடிவுக்கு அம்மரபு எளிதிற் சென்றது. வணிகச் சஞ்சிகைகளின் மர்மக்கதைகளையும் மாயக்கதைகளையும் அது கண்டித்தமை நியாயமே. அக்கண்டனமின்றி ஈழத்து நாவலும் சிறுகதையும் இன்றுள்ள தரத்தை எய்தியிருக்க மாட்டா. ஆயினும், மண்ணிலிருந்து விலகி மேலெழுவதெல்லாம் மண்ணை மறப்பது அன்று. ஓர் ஒடுக்குமுறை அரசை நேரடியாக எழுத முடியாதபோது, வேறொரு நாட்டின் அரசனைப் பற்றி எழுதுவது தொன்றுதொட்ட வழி. கல்முனையைச் சேர்ந்த உமா வரதராஜனின் 'அரசனின் வருகை' என்ற சிறுகதையை வாசித்தவர் இதனை மறுக்கமாட்டார். போர்க்காலத்தின் உண்மையை, நாடும் காலமும் குறிக்கப்படாத ஓர் அரசனின் கதை, செய்தித்தாளினும் கூர்மையாகச் சொல்லிற்று.

இரண்டாவது காரணத்தை நாம் கூச்சமின்றிப் பேசுதல் வேண்டும். பொய்க்கதை வாசிப்பது மார்க்கத்துக்கு உடன்பாடன்று, சூனியமும் மந்திரமும் பற்றிய நூல்கள் பிள்ளையின் ஈமானைக் குலைக்கும் என்ற அச்சம் நம் ஊர்ப் பெற்றோர் பலரிடம் உண்டு. அதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது மேட்டிமைத்தனம். ஏனெனில் இங்கு மெய்யான ஓர் இலக்கியச் சிக்கல் இருக்கின்றது. ஐரோப்பிய வாசகனுக்குத் தேவதையும் பூதமும் கற்பனை. அவற்றை நம்பவேண்டிய கட்டாயம் அவனுக்கில்லை. நமது பிள்ளைக்கோ ஜின் என்பது கற்பனைப் பாத்திரமன்று; அது நம்பிக்கையின் ஒரு பகுதி. மிஃராஜ் என்பது விந்தைக் கதையன்று. அது புனித நிகழ்வு. ஆகவே, எல்லா அதிசயங்களையும் ஒரே கூடையில் இட்டு, 'இவை எல்லாம் விந்தைப் புனைவு' என்று வகுப்பறையில் வகைப்படுத்துவது பிழையானது. 'சீறாப்புராண'த்தில் வரும் அற்புதத்தையும் 'ஆயிரத்தொரு இரவுகளில்' வரும் பறக்கும் கம்பளத்தையும் நமது மூத்தம்மா ஒருபோதும் ஒன்றாகக் கருதியதில்லை. முதலதைச் சொல்லும்போது முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். இரண்டாவதைச் சொல்லும்போது சிரித்தார். நம்பப்படுவதற்கும் பாவனை செய்யப்படுவதற்கும் இடையிலான கோட்டை எழுத்தறியாத கதைசொல்லி செவ்வனே அறிந்திருந்தார். அந்தக் கோட்டைப் பிள்ளைக்குக் கற்பிப்பதே நல்ல விந்தைப் புனைகதையின் பயன்களுள் ஒன்று. பாவனையைப் பாவனை என்று அறிந்து சுவைக்கப் பழகிய வாசகனைப் பொய்ச் செய்தி எளிதில் ஏமாற்றாது.

4

இனி, பரிந்துரைக்கத்தக்க நூல்களை நோக்குவோம். இவற்றைத் தேர்வதற்கு நான் கொண்ட அளவுகோல்கள் மூன்று: கதை இவ்வயதினரை இழுத்துச் செல்லல் வேண்டும், கற்பனை தனக்குரிய விதிகளுக்கு உண்மையாயிருத்தல் வேண்டும், நூலை மூடியபின் வாசகனிடம் ஒரு வினா எஞ்சுதல் வேண்டும்.

தமிழ் விஞ்ஞானப் புனைகதை என்றதும் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வே முதலில் நினைவுக்கு வரும். 1980களில் 'ஆனந்த விகடனில்' தொடராக வந்தது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் ஜீவா என்ற ஒரே தலைவரின் ஆட்சியில் இயங்கும் நாடே அதன் களம். மக்களின் பெயர்கள்கூட இரண்டெழுத்தில் சுருங்கிவிடுகின்றன. பிள்ளை பெறுவதற்கு அரசின் அனுமதி வேண்டும். காணாமற்போன கணவனைத் தேடிப் புறப்படும் நிலாவும், ஜீனோ என்ற இயந்திர நாயும் கதையை நடத்துகின்றனர். மக்கள் வணங்கும் தலைவரே ஒரு பிம்பமாக இருக்கலாம் என்ற எண்ணத்தில் கதையின் உயிர் தங்கியுள்ளது. இதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ', அதிகாரத்தைக் கவிழ்த்தவர்களே அதிகாரமாகும் விபரீதத்தைக் காட்டுகின்றது.

இந்நூலைப் பதினைந்து வயது வாசகருக்குத் தயக்கமின்றிக் கொடுக்கலாம். சுஜாதாவின் வாக்கியங்கள் குறியவை, விரைந்தவை, நகைச்சுவை நிரம்பியவை. ஜீனோ நூல்களை வாசித்தே சிந்திக்கக் கற்றுக்கொள்கின்றது என்பது, வாசிப்பைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிக அழகிய கற்பனைகளுள் ஒன்று. குறைகளும் உண்டு. தொடர்கதையின் வார அவசரம் நாவலின் கட்டுக்கோப்பைத் தளர்த்துகின்றது. இடர் வரும்போதெல்லாம் ஜீனோவின் சாமர்த்தியம் கைகொடுப்பதால், நிலா தானாக முடிவெடுக்கும் சந்தர்ப்பங்கள் குறைகின்றன. மக்கள் பின்னணித் திரையாகவே நிற்கின்றனர். எழுத்தாளர் எதிர்காலமெனக் குறித்த ஆண்டு வந்து கடந்துவிட்டது. ஆயினும் நாவல் பழையதாகிவிடவில்லை. அந்த ஆண்டுகளில் நமது நாட்டில் நிகழ்ந்தவற்றையும் நாவலில் நிகழ்வனவற்றையும் அருகருகே வைத்து, எழுத்தாளர் எதனை முன்னுணர்ந்தார், எதனைத் தவறவிட்டார் எனச் சிந்திப்பது சிறந்த வகுப்பறைப் பயிற்சியாகும். விஞ்ஞானப் புனைகதை சோதிடமன்று, தன் காலத்தைப் பற்றிய விமரிசனமே என்பதை மாணவர் அதன்மூலம் தாமே கண்டுகொள்வர். யதார்த்தவாத விமரிசகர் கேட்கும் சமூக நோக்கும் இங்கு குறைவின்றி உண்டு.

ஜெயமோகன் 'தினமணி சிறுவர்மணி'யில் எழுதிய 'பனிமனிதன்' சற்று இளையோருக்கும் உகந்தது. இமயமலையில் காணப்பட்ட ஒரு மாபெரும் காலடியைத் தொடர்ந்து செல்லும் பயணமே கதை. இராணுவ அதிகாரி, விஞ்ஞானி, மலைநாட்டுச் சிறுவன் என மூவகை மனங்கள் ஒன்றாக நடக்கின்றன. மனிதன் நாகரிகத்தால் பெற்றது எது, இழந்தது எது என்ற வினா கதையினூடே வளர்கின்றது. பௌத்த சிந்தனையும் உயிரியலும் ஒன்றையொன்று பழிக்காமல் உரையாடுகின்றன. பல சமயத்தவர் அடுத்தடுத்து வாழும் அம்பாறை மாவட்டத்தில் இத்தன்மை மிகவும் விரும்பத்தக்கது. இடையிடையே வரும் விஞ்ஞானத் தகவல்கள் கதையோட்டத்தைத் தடுப்பதாகச் சிலர் கூறலாம். கேள்வி கேட்கும் இயல்புள்ள மாணவருக்கு அவையே சுவையாகவும் இருக்கலாம். எஸ். ராமகிருஷ்ணனின் 'ஏழுதலை நகரம்' விந்தைக் கதையை மட்டும் நாடுவோருக்கு உகந்தது.

மொழிபெயர்ப்புகளுள் முதலிடம் 'குட்டி இளவரச'னுக்குரியது. அந்துவான் து செந்த்-எக்சுபெரியின் இப்பிரெஞ்சு நூலை வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் நேரடியாகவே பிரெஞ்சிலிருந்து பெயர்த்தனர். க்ரியா 1981இல் வெளியிட்டது. சிறிய நூல், பத்து வயதில் ஒரு பொருளும் பதினேழு வயதில் வேறொரு பொருளும் தருவது. புதுமைப்பித்தன் 1940களில் மேரி ஷெல்லியின் 'பிராங்கென்ஸ்டைன்' நாவலைப் 'பிரேத மனிதன்' எனத் தமிழாக்கினார். விஞ்ஞானப் புனைகதையின் தாய்நூலாகக் கருதப்படும் அதனை மேரி ஷெல்லி எழுதத் தொடங்கியது தமது பதினெட்டாம் வயதில் என்பதை மாணவருக்குச் சொல்லவேண்டும். புதுமைப்பித்தனின் 'கபாடபுரம்' என்ற சிறுகதையும் இங்கு சேர்க்கத்தக்கது. கடல்கொண்ட நகர் பற்றிய தமிழ் நினைவை அது விந்தைக் கதையாக மாற்றுகின்றது. கடல்கோளை ஏட்டில் மட்டுமன்றிக் கண்ணாலும் கண்ட கரையில் அக்கதை வேறுவிதமாகவே வாசிக்கப்படும்.

முஸ்லிம் பிள்ளைகளுக்கு அவர்களுடைய சொந்தப் பாரம்பரியத்திலிருந்து இரு நூல்களைச் சிறப்பாகச் சுட்ட விரும்புகின்றேன். ஒன்று, அந்தலூசிய மெய்யியலாளர் இப்னு துபைல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதிய 'ஹய்யு இப்னு யக்ழான்'. இந்தியாவை அடுத்த மனிதரற்ற தீவொன்றில் மான் ஒன்றின் பாலில் வளர்கின்றான் சிறுவன். அம்மான் இறந்தபோது, அதன் உடலைவிட்டு நீங்கியது எது எனத் தேடத் தொடங்குகின்றான். நெஞ்சைப் பிளந்து பார்க்கின்றான், நெருப்பை ஆராய்கின்றான், வானத்தை நோக்குகின்றான், ஈற்றில் தன் பகுத்தறிவாலேயே படைத்தவனைச் சென்றடைகின்றான். 1671இல் இலத்தீனுக்கும் 1708இல் அறபிலிருந்து ஆங்கிலத்துக்கும் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பரவலாக வாசிக்கப்பட்ட நூல் இது. 'ரொபின்சன் குரூசோ' வெளிவந்தது அதன்பின்னர், 1719இல். கற்பனைக் கதை ஈமானைக் குலைக்கும் என அஞ்சும் பெற்றோருக்கு இந்நூலினும் சிறந்த மறுமொழி இல்லை. கதையும் கண்டறிதலும் நம்பிக்கையும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் அறிஞர் கதையாகவே காட்டிவிட்டார்.

மற்றது, வங்காளத்து முஸ்லிம் பெண்மணி ரொக்கையா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு'. 1905இல் அது முதன்முதலாக அச்சேறியது வேறெங்குமன்று, சென்னையிலிருந்து வெளிவந்த பெண்கள் சஞ்சிகை ஒன்றில். கனவில் ஒருத்தி பெண்களின் நாட்டைக் காண்கின்றாள். அங்கு ஆண்கள் வீட்டினுள் இருக்கின்றனர், பெண்கள் ஆளுகின்றனர். ஒரு பல்கலைக்கழகம் மேகத்திலிருந்து நீரை இறக்குகின்றது. மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கின்றது. படையெடுத்து வந்த பகைவர் அந்த வெப்பத்தால் விரட்டப்படுகின்றனர். சில பக்கங்களே உடைய இக்கதை நகைச்சுவையினூடே ஒரு சமூகத்தைத் தலைகீழாக்கிக் காட்டுகின்றது. எழுதியவர் கற்பனையோடு நின்றுவிடவில்லை. 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கெனப் பாடசாலையும் நடத்தினார். நமது ஊர்களிலிருந்து பெண்பிள்ளைகள் பெருந்தொகையினராகப் பல்கலைக்கழகம் புகும் இக்காலத்தில் இக்கதை அவர்களுடைய பாட்டியின் கனவு போன்று ஒலிக்கும். ஆண்பிள்ளைகளும் இதனை வாசித்தல் வேண்டும். சொல்லப்போனால் அவர்களே முதலில் வாசித்தல் வேண்டும்.

ஆங்கிலத்தில் வாசிக்கக்கூடிய உயர்தர மாணவருக்கு ஆதர் சி. கிளார்க்கின் 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்ற நாவலைப் பரிந்துரைப்பேன். 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையையே தாயகமாகக் கொண்டவர் கிளார்க். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கியவர். 1979இல் வெளிவந்த இந்நாவலில் நமது தீவைத் தெற்கே நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தி, 'தப்ரபேன்' என்று பெயரிட்டு, அதன் உயர்ந்த மலையின் உச்சியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்னுயர்த்தி அமைக்கின்றார். அம்மலை நாம் பாவாத மலை என அழைக்கும் மலையின் சாயல். 1344இல் இப்னு பதூதா ஏறிய மலை. நமது நிலத்தில் இத்தனை பெரிய கற்பனைக்கு இடமுண்டு என்பதை இந்நூல் உணர்த்துகின்றது. அதேவேளை, நாவலின் மையத்தில் நிற்பவை பண்டைய அரசனும் மலையுச்சித் துறவிமடமும் மேனாட்டுப் பொறியியலாளனுமே; கரைவலை இழுப்பவரும் வேளாண்மை செய்பவரும் அம்மையத்தில் இல்லை. பிறர் எழுதிய நமது தீவில் நாம் எங்கே நிற்கின்றோம் என்ற வினாவோடு இதனை வாசித்தல் நன்று.

5

இந்நூல்களை நமது மாணவர் கையில் வைக்கும்போது மொழி பற்றிய ஒரு தடையும் எதிர்ப்படும். தமிழகத்தில் எழுதப்பட்ட விஞ்ஞானப் புனைகதைகளில் ஆக்ஸிஜன், ஹைட்ரஜன், இயற்பியல், வேதியியல் என்ற சொற்கள் வருகின்றன. நமது மாணவர் பாடநூலில் பயில்வதோ ஒட்சிசன், ஐதரசன், பௌதிகவியல், இரசாயனவியல். சென்னையின் பேச்சுவழக்கும் அவர்களுக்குச் சினிமா வழியாக மட்டுமே பழக்கமானது. இவை பெருந்தடைகளல்ல, எனினும், 'விஞ்ஞானம் நிகழும் தமிழ் வேறு, நான் பேசும் தமிழ் வேறு' என்ற உணர்வை இவை பிள்ளையிடம் ஆழமாக ஊன்றிவிடக்கூடும்.

நமது கரைக்கு இவ்விடயத்தில் ஒரு பெருமையும் உண்டு. சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையேயுள்ள காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி; இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர்; தமிழில் விஞ்ஞானக் கலைச்சொல்லாக்கத்துக்கு உழைத்தவர். சுயமொழியில் விஞ்ஞானம் கற்ற பல தலைமுறைகள் இங்கு உருவாகியுள்ளன. ஒட்சிசனும் பௌதிகவியலும் கொண்டு பாடநூலும் வினாத்தாளும் எழுதிய நாம், அதே சொற்களைக் கொண்டு ஒரு கதை எழுதத் துணியவில்லை. பரீட்சைக்கு மட்டும் பயன்பட்ட மொழி பரீட்சை முடிந்ததும் மறக்கப்படும். கதைக்குப் பயன்பட்ட மொழியே வாழும்.

6

மேற்கூறிய நூல்கள் யாவும் நல்லவை. ஆயினும் அவற்றுள் ஒன்றேனும் நமது கரையைப் பற்றியதன்று. இக்கட்டுரை எழுதப் புகுந்தபோது நான் எதிர்பாராத ஒரு முடிவுக்கு இது என்னை இட்டுச் செல்கின்றது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் எழுந்து வந்தது. இலங்கையில் எல்லா மாவட்டங்களினும் மிகுந்த உயிரிழப்பு அம்பாறையிலேயே நிகழ்ந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரத் தெருக்கள் இருந்த இடம் தெரியாமற் போயின. இன்று பாடசாலையிலிருக்கும் பிள்ளைகள் அனைவரும் அதற்குப் பின் பிறந்தவர்கள். பெற்றோருக்கு அது நினைவு. பிள்ளைகளுக்கு அது கதை. கடல் பின்வாங்கியது, தரையில் மீன்கள் துள்ளின, பின்னர் பனைமர உயரத்தில் நீர் வந்தது என்று உம்மா கூறும்போது, பிள்ளை அதனை எந்த வகைக் கதையாகக் கேட்கின்றது? நம்பமுடியாதது உண்மையாகவே நிகழ்ந்த ஊரில் வளரும் பிள்ளைக்கு, விந்தைக்கும் மெய்ம்மைக்கும் உள்ள எல்லை பிற பிள்ளைகளுக்குள்ளது போன்றதன்று. அப்பிள்ளைக்கு அந்த நிகழ்வைத் தாங்கிக்கொள்ள உதவும் ஒரு நாவலை நாம் இன்னும் எழுதிக்கொடுக்கவில்லை.

எழுத வல்லவர் இங்கு இல்லையென்று கூறுவதற்கில்லை. கல்முனையின் சோலைக்கிளி, 'எட்டாவது நரகம்', 'காகம் கலைத்த கனவு', 'பாம்பு நரம்பு மனிதன்' எனத் தொகுதி தொகுதியாக, தலைப்புகளிலேயே விந்தையுலகைத் திறந்துவிட்டவர். போரின் கொடுமையை நேரிற் கூறமுடியாத காலத்தில், பொருள்களும் விலங்குகளும் உடல் உறுப்புகளும் தம் இயல்பு திரிந்து நடமாடும் ஓர் உலகைக் கவிதையிற் படைத்தார். நமது பேச்சுமொழி அவ்வுலகைத் தாங்கும் வலிமையுடையது என்பதையும் அவர் மெய்ப்பித்தார். நிந்தவூரின் எஸ். முத்துமீரான் போன்றோர் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களையும் வழக்குகளையும் தேடித் தொகுத்து வைத்துள்ளனர். கவிதையில் நிகழ்ந்த சாதனை உரைநடையில், இளைஞருக்கான நாவலில் நிகழாமைக்குக் காரணம் ஆற்றலின்மை அன்று. அவ்வாசகரை நாம் ஒரு பொருட்டாக எண்ணாமையே காரணம்.

விஞ்ஞானப் புனைகதைக்கான பொருளும் நமது வாசலிலேயே கிடக்கின்றது. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. துறைமுகக் கட்டுமானத்தைத் தொடர்ந்து அதன் வடக்கே கரை அரிக்கப்பட்டு, ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோப்புகள் கடலிற் சரிந்தன. கரையோரமாக நகரும் மணலை ஒரு தடுப்பு மறித்தால் அதற்கு அப்பாலுள்ள கரை பட்டினி கிடக்கும் என்பது எளிய விஞ்ஞான உண்மை. இன்னும் எண்பது ஆண்டுகளில் இக்கரை எங்கே நிற்கும்? மருதமுனையின் கைத்தறி எந்த இழையை நெய்யும்? சம்மாந்துறை வயல்களுக்கு எந்த நீர் பாயும்? இவ்வினாக்களை அறிக்கையாக எழுதினால் அதிகாரிகள் வாசிப்பர். கதையாக எழுதினால் பதினைந்து வயதுப் பிள்ளை வாசிக்கும். அப்பிள்ளையே எண்பது ஆண்டுகள் கழியும்போது இக்கரையில் பேரப்பிள்ளைகளோடு இருக்கப்போவது.

ஆகவே ஊரவரின் வினாவுக்கு நாம் தரும் விடை இருபகுதியாக அமைதல் வேண்டும். முதலாவது, உடனடியாகச் செய்யத்தக்கது. 'என் இனிய இயந்திரா', 'பனிமனிதன்', 'குட்டி இளவரசன்' ஆகிய மூன்றும் ஒவ்வொரு பாடசாலை நூலகத்திலும் இடம்பெறச் செய்தல். 'ஹய்யு இப்னு யக்ழா'னையும் 'சுல்தானாவின் கனவை'யும் இவ்வயதினரை மனங்கொண்டு, நமது பாடநூல் வழக்கும் பேச்சுவழக்கும் தழுவிய ஈழத்துத் தமிழில் தருதல். இது தமிழ்ச் சங்கத்து மாணவர் ஒரு விடுமுறைக்காலத்தில் கூட்டாகச் செய்து முடிக்கக்கூடிய பணி. இரண்டாவது பகுதி நீண்டகாலத்துக்குரியது. பிள்ளை வாசிக்கவேண்டிய நூலை நாமே எழுதுதல்.

கடல் ஒருமுறை நமது கதையை நமக்காக எழுதிச் சென்றது. அடுத்த கதையையேனும் நாம் எழுதுதல் வேண்டும்.